முகம் காட்டினால் திறக்கும்

ஹைதராபாத் சனத்நகர் எம்.எம்.டி.எஸ். ரயில் நடைமேடையில் இப்போதெல்லாம் வெயிலுக்கு அடுத்த பேச்சு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்தான். பழைய போன் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் புதியது முகத்தைப் பார்த்துத்தான் திறக்குமாம்; அந்தரங்கத்துக்கு அவ்வளவு பாதுகாப்பாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2021 அக்டோபரில் இதே ஹைதராபாத்தின் தெருக்களில் போலீஸார் வண்டிகளை நிறுத்தி, போனைத் திறக்கச் சொல்லி, வாட்ஸாப்பில் ‘கஞ்சா’ என்று தேடினார்கள். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கட்டாயம் எதுவும் இல்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள், யாரும் புகார் சொல்லவில்லை என்று விளக்கம் வந்தது. லத்தியோடு நிற்பவரிடம் “முடியாது சார்” என்று சொல்லிப் பார்த்தவருக்குத்தான் ஒத்துழைப்பின் அருமை தெரியும்.

எனக்கென்னவோ இங்குள்ள தமிழர்களை நினைத்துத்தான் கவலை. குடும்பக் குழுவில் மாமா அனுப்பிய கஞ்சா கருப்பு காமெடியும் அந்தத் தேடலில் வந்து விழுமே! நடிகர் என்று நடுரோட்டில் தெலுங்கில் விளக்கி முடிப்பதற்குள் ரயில் போய்விடும்.

ஆகவே எக்ஸ்சேஞ்ச் நல்ல யோசனைதான். புதிய போனில் 12 ஜிபி ராம். தேடுகிறவருக்கும் நேரம் மிச்சம்.