நமக்குப் பத்து பவருங்க

முன்னெல்லாம் சங்ககிரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் லாரிப் பேச்சுத்தான். டீசல் விலை, டோல்கேட், ரிட்டர்ன் லோடு, டயர். இன்றும் அதே ஆட்கள்தான் உட்காருகிறோம். பேச்சு மட்டும் மாத்திரைக்கு மாறிவிட்டது.

"பிரஷருக்கு எத்தனை பவர் போடறீங்க?"

"அஞ்சு."

"அவ்வளவுதானா? நமக்குப் பத்துங்க."

இப்படிச் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்பவர் ஒருவர் இருந்தார். அது நான்தான்.

என் மருந்துகள் குடியிருப்பது ஒரு மஞ்சப்பையில். யார் வீட்டுக் கல்யாணத்திலோ தேங்காயோடு வந்தது. உள்ளே ஒரு அட்டையும் முழுசாக இருக்காது. எல்லாம் மெடிக்கலில் கத்தரித்துக் கொடுத்த துண்டுகள். பெயரில் பாதி என் துண்டில் இருக்கும். காலாவதி தேதி வேறு யார் வீட்டிலோ இருக்கும். ஆகவே நிறம்தான் அடையாளம். "ரோஸ் கலர் போட்டுட்டீங்களா?" என்று உள்ளிருந்து வீட்டுக்காரி கேட்பாள். "அது வெள்ளையா மாறிப்போச்சு, கம்பெனிய மாத்திட்டாங்க" என்பேன், என்னவோ என்னைக் கேட்டுக்கொண்டு மாற்றியதுபோல. பெஞ்சில் யாருக்காவது மூட்டுவலி என்றால் பையிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுக்கும் தர்மமும் நடந்து வந்தது.

மகள் வயிற்றுப் பேத்தி பார்ம்.டி. படிக்கிறாள். ஆறு வருஷப் படிப்பு. நம் நாட்டுக்கு 2008-இல்தான் வந்தது. "மெடிக்கல் ஷாப்பில் உட்கார ஆறு வருஷமா?" என்று நான் ஒருமுறை கேட்டதை அவள் மறக்கவில்லை. போன லீவில் வந்தவள் பையைத் திண்ணையில் கவிழ்த்தாள்.

"அப்பிச்சி, இதும் அம்லோடிபின், அதும் அம்லோடிபின்."

"அதெப்படி சாமி? இது ஈரோட்டு டாக்டர் குடுத்தது, அது சேலத்து டாக்டர் குடுத்தது. பேரே வேற."

"கம்பெனி வெச்ச பேருதான் வேற. உள்ள இருக்கறது ஒரே மருந்து. உங்க பத்து பவர் இப்படி வந்ததுதான்."

ஈரோட்டாரிடம் சேலத்தாரைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை. அவர் மனசு வருத்தப்படுமே!

அத்தோடு விட்டாளா? அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். பவர் ஏற ஏற வீக்கமும் ஏறும். எனக்கு வீங்கியது. வீக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போனேன். நீர் பிரிய மாத்திரை வந்தது. பிரிந்தது, ராத்திரி முழுக்க. தூக்கம் போயிற்று, தூக்கத்துக்கு ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு இருட்டில் பாத்ரூமுக்கு நடந்ததில் நிலைப்படி முழங்காலைப் பதம் பார்த்தது, வலிக்கு ஒன்று. வலி மாத்திரையோ பிரஷரை ஏற்றும். நீர் மாத்திரையோடு சேர்ந்தால் வயசாளிகளின் கிட்னிக்கும் ஆகாது. ஒரு மாத்திரை செய்த வேலையைப் புது நோய் என்று எண்ணி அடுத்த மாத்திரையை எழுதுகிற இந்தச் சங்கிலியைப் பற்றி பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990-களிலேயே எழுதிவிட்டார்களாம். என் கணுக்காலைப் பார்க்காமலே!

1991-இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர், வயதானவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியல் போட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை 2023-இலும் புதுப்பித்தது. டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் அதில் உண்டு. சளிக்கு நாம் மிட்டாய்போல வாங்குகிற குளோர்பெனிரமினும் உண்டு. வயதானால் கிட்னி மந்தமாகும், உடம்பில் கொழுப்பின் பங்கு கூடும். டயசிபாம் அதில் போய்த் தங்கி நாள்கணக்கில் கிளம்பாது. ராத்திரி போட்டது மறுநாள் மத்தியானமும் தலையைச் சுற்றவைக்கும். நான் அதைப் பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை கிடைக்காத கஷ்டம் இப்போது குறைந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களும் வந்தன. ஆனால் வந்து சேர்ந்ததையெல்லாம் ஒன்றாகப் பரப்பிப் பார்ப்பது யார்? எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்கிற ஊர் இது. ஓனரின் மஞ்சப்பைக்கு எஃப்.சி. கிடையாது.

பேத்தி எதையும் தூக்கி எறியவில்லை. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது தனி வம்பாம். மருந்தின் பெயர், பவர், யார் எழுதியது, எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதி, ஒரே டாக்டரிடம் பையோடு அனுப்பினாள். அவர் ஒன்றை உடனே எடுத்தார், சிலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். என் பத்து அஞ்சாயிற்று. கால் வீக்கம் வடிந்தது; பெஞ்சில் என் மதிப்பும் வடிந்தது.

அமெரிக்காவில் வயதானவர்களை, வீட்டிலுள்ள மருந்தையெல்லாம் பழுப்புக் காகிதப் பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்லிப் பரிசோதிப்பது பழைய வழக்கம். நம் வீட்டு ஆணியில் மஞ்சப்பை தயாராகவே தொங்குகிறது. நாட்டு மருந்து, சத்து மாத்திரை, பக்கத்து வீட்டில் வாங்கியது, ஒன்றையும் விடாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் போங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தால்தான் கோளாறோ என்று சந்தேகம் வந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் 1800-180-3024 என்ற எண்ணில் வேலை நாட்களில் பகலில் புகார் சொல்லலாம். அதற்குக் காசு கிடையாது.