எஸ்கேப் கொடுங்க!

கேள்வி (தேனி வாசகர்): நான் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேரில் ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் ஜன்னல் வெளிறிப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. நெட் ஸ்லோ என்று கஸ்டமரிடம் சொல்லிவிடலாமா?

பதில்: நெட் மேல் பழி போடாதீர்கள். கல்லாவில் இருப்பவரே குடோனுக்குப் போய் மூட்டையும் தூக்கினால், கடைக்கு வந்தவருக்கு யார் பதில் சொல்வது? ஜன்னலை வரைகிற த்ரெட்தான் உங்கள் கல்லா. அதைப் போய் சர்வர் வாசலில் நிற்க வைத்துவிட்டீர்கள். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் 5 விநாடி அசையாவிட்டால் ‘கடையில் ஆள் இல்லை’ என்று விண்டோஸ் முடிவுகட்டிவிடும். நெட்வொர்க் வேலைக்குத் தனி த்ரெட் வையுங்கள். எஸ்கேப் அழுத்தினால் அந்த வேலை நிற்கவும் வேண்டும். இந்தப் பகுதிக்குப் பழகியவர்களுக்கு என் கட்சி தெரியும்: காக்கவைக்கிற ஜன்னல் எதுவானாலும் எஸ்கேப்புக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்!

கேள்வி (சேலம் வாசகி): டெஸ்க்டாப்பில் அடிக்கடி எஃப்5 அழுத்தினால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

பதில்: விரல் வேகமாகும்.

கேள்வி (கோவை வாசகர்): டைம் அவுட்டை 300 விநாடி வைத்துவிட்டால் பிழையே வராது என்கிறார் எங்கள் டீம் லீட். சரியா?

பதில்: பிழை வராது. அதற்குள் கஸ்டமர் எழுந்து போயிருப்பார். டைம் அவுட் ஒன்றல்ல, இரண்டு. கதவைத் தட்டிவிட்டு நிற்பது ஒன்று. கதவு திறந்த பிறகு காபி வரும்வரை உட்கார்ந்திருப்பது இன்னொன்று. தட்டுவதற்குச் சில விநாடிகள் போதும். வீட்டில் ஆள் இருந்தால் அதற்குள் குரல் வந்துவிடும். காபிக்கு எவ்வளவு நேரம் என்பதை வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வருஷக் கணக்கு ரிப்போர்ட்டுக்கு ஒரு நிமிடம்கூட நியாயம்தான்.

லைப்ரரி தருகிற அளவை நம்பி உட்காராதீர்கள். டாட்நெட்டின் எச்டிடிபி கிளையன்ட் 100 விநாடி காத்திருக்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸுக்கு நீங்கள் சொன்னால்தான் எல்லை. சொல்லாவிட்டால் அது யுகம் யுகமாக நிற்கும். 1 விநாடியில் தொடங்கி 2, 4, 8 என்று இரட்டித்து ஆறு முறை மறுபடி தட்டுவது லினக்ஸின் நெடுநாள் பழக்கம். கூட்டிப் பாருங்கள், 127 விநாடி. பூட்டிய வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் நிற்கிறவர் உங்கள் கஸ்டமர்.

கேள்வி (திருச்சி வாசகர்): ‘டைம் அவுட்’ என்ற ஒற்றைச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடிகாரத்தை வைத்து நாடி பிடியுங்கள்! எனக்கு உயிரான வேலை இது.

அழுத்திய கணமே ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். அந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று வாய் திறந்து சொல்லியும்விட்டது. பெரும்பாலும் போர்ட் எண் தப்பு, இல்லை சர்வீஸ் ஓடவில்லை. பேச்சு மூச்சே இல்லையென்றால் நடுவில் ஒரு ஃபயர்வால் உங்கள் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸில் எல்லாம் நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாக 5 விநாடி தாமதமா? டிஎன்எஸ் பட்டியலின் முதல் முகவரி செத்திருக்கும். அதற்கு 5 விநாடி அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் சிஸ்டம் இரண்டாவதிடம் போகிறது.

விபிஎன்னில் லாகின் ஆகிறது, பெரிய ரிப்போர்ட் மட்டும் தொங்குகிறதா? பாக்கெட் அளவைச் சந்தேகியுங்கள். ஈதர்நெட்டில் 1500 பைட் வரை போகும். விபிஎன் தன் உறையைச் சுற்றியதும் உள்ளே இடம் குறையும். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட்டில் ஒரு பிங் அனுப்புங்கள். தலைப்புகளோடு சேர்ந்து அது 1500 ஆகும். போகாவிட்டால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் போகிறதோ அங்கே வியாதி அகப்படும்.

காலையெல்லாம் ஓடியது, சாப்பிட்டு வந்து அழுத்திய முதல் கிளிக் மட்டும் தோற்கிறதா? சும்மா கிடந்த இணைப்பை நடுவிலிருந்த ஏதோ ஒன்று மறந்துவிட்டது. அஷூரின் லோடு பேலன்ஸர் வழக்கமாக 4 நிமிடத்தில் மறந்துவிடும். டிசிபியின் கீப் அலைவ் ‘இருக்கியா?’ என்று கேட்பதோ 2 மணி நேரம் கழித்து. அதை நிமிடக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள், நிம்மதியாகச் சாப்பிடலாம்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): உங்களுக்கு ரொம்பப் பிடித்த டைம் அவுட் கதை?

பதில்: கேட்டீர்களே! அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகம், 1990களின் நடுப்பகுதி. புள்ளியியல் துறைத் தலைவர் சிஸ்டம் நிர்வாகிக்கு போன் செய்து, ‘500 மைலுக்கு அப்பால் எங்கள் மெயில் போகமாட்டேன் என்கிறது’ என்றார். மெயிலுக்கு மைல் கணக்கா? நிர்வாகி தானே அனுப்பிப் பார்த்தார். நியூயார்க் போனது, இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கும் பிராவிடன்ஸ் போகவில்லை! காரணம் இதுதான். யாரோ சர்வரைப் புதுப்பித்தபோது சென்ட்மெயில் மட்டும் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புதிய பதிப்புக்கு எழுதிய அமைப்புகள் பழையதற்குப் புரியவில்லை. இணைப்புக்கான டைம் அவுட்டை அது பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டது. அந்த மெஷினின் வேகத்துக்கு பூஜ்ஜியம் என்பது ஏறக்குறைய 3 மில்லி விநாடி. 3 மில்லி விநாடியில் ஒளி எவ்வளவு தூரம் போகும்? சுமார் 558 மைல்!

துறைத் தலைவர் மேல் எனக்குத் தனி மரியாதை. ‘மெயில் போகலை’ என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்தாமல், எங்கே போகிறது எங்கே போகவில்லை என்று வரைபடத்தோடு வந்தார். புகார் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): தமிழ்99 விசைப்பலகையில் இருக்கும்போது என் ஆப்பில் கண்ட்ரோல்+எஸ் சேமிக்க மறுக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் புரோகிராம் ‘எஸ்’ என்ற எழுத்துக்குக் காத்திருக்கிறது. தமிழ்99-இல் அந்த விசை தருவது ‘இ’. அப்படியென்றால் எழுத்தை விட்டுவிட்டு விசையின் இடத்தைப் பார்த்தால் போதுமே என்று கிளம்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர்களின் கீபோர்டில் நம் கியூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கிறது. அவர் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று கண்ட்ரோல்+ஏ அழுத்துவார், உங்கள் ஆப் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடும்! முதலில் எழுத்தைப் பாருங்கள்; அது லத்தீன் எழுத்தாக இல்லாவிட்டால் மட்டும் இடத்தைப் பாருங்கள்.

கண்ட்ரோல்+ஆல்ட் சேர்த்த குறுக்குவழிகளையும் குறையுங்கள். விண்டோஸில் ஐரோப்பியர்களின் ஆல்ட்ஜிஆர் விசை கண்ட்ரோல்+ஆல்ட் ஆகவே வந்து சேரும். மீடியம் தளத்தில் கண்ட்ரோல்+எஸ்ஸை மறித்து வைத்திருந்ததால், போலந்துக்காரர்களால் ஆல்ட்ஜிஆர்+எஸ் அழுத்தித் தங்கள் மொழியின் ஓர் எழுத்தையே அடிக்க முடியாமல் போனது. 2015-இல் அந்தக் கதையை வெளியே சொன்னவர் அங்கே பணியாற்றிய மார்சின் விகாரி.

கேள்வி (நெல்லை வாசகி): கண்ட்ரோல்+டபிள்யூ ஒரு தாவலை மூடுகிறது, ஒட்டியிருக்கும் கண்ட்ரோல்+கியூ எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இது நியாயமா?

பதில்: தமிழ்99 அறிந்து வைத்திருக்கிறது: டபிள்யூவில் ‘ஈ’ என்று சிரிப்பு, கியூவில் ‘ஆ’ என்று அலறல்.

கேள்வி (ஈரோடு வாசகர்): தோற்றால் எத்தனை முறை ரீட்ரை செய்யலாம்?

பதில்: மூன்று முறை. ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, சில்லறை விநாடிகளைத் தாறுமாறாகச் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லா கஸ்டமரும் ஒரே கணத்தில் திரும்பி வந்து சர்வரை மிதிப்பார்கள். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் போன பாதை 40 பிட்டுக்குச் சுருங்கியது. போய்ச் சேராததைப் பொறுமையில்லாமல் திருப்பித் திருப்பி அனுப்பியதும் ஒரு காரணம். நெட்வொர்க் நெரிசல் பற்றி வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரை அதிலிருந்து பிறந்ததுதான். ஒன்று மட்டும்: பில் போடும் கோரிக்கையை அப்படியே மறுபடி அனுப்பாதீர்கள். முதல் பில் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு பில்லுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி (வேலூர் வாசகர்): கேப்ஸ் லாக் விசையைப் பிடுங்கி எறிந்தால் என்ன?

பதில்: அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): எனக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்துத்தான் வேலை செய்கிறேன். அலுவலக சாஃப்ட்வேரில் படிவத்தைப் பாதி நிரப்புவதற்குள் ‘நேரம் முடிந்தது’ என்று வெளியே தள்ளிவிடுகிறது. நான் மெதுவா, அது அவசரமா?

பதில்: நீங்கள் மெதுவில்லை, அம்மா. உங்களை நினைக்காமல் எழுதியிருக்கிறார்கள். திரையை ஒரே பார்வையில் அள்ளுகிறவருக்கு வைத்த கடிகாரத்தை, வரிவரியாகக் கேட்டு வேலை செய்கிறவருக்கும் வைத்துவிட்டார்கள். அணுகல்தன்மைக்கான டபிள்யூ3சி வழிகாட்டியில் இதற்கு வழி இருக்கிறது: நேரம் முடியுமுன் எச்சரித்து, ஸ்பேஸ் பார் போன்ற எளிய ஒரு விசையால் நீட்டித்துக்கொள்ள 20 விநாடியாவது தர வேண்டும், குறைந்தது பத்து முறை நீட்டிக்க விட வேண்டும். அலுவலகத்தில் இதை எழுத்தில் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள்.

புரோகிராமர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-இல் என்விடிஏவைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். இன்றும் அது இலவசம், தமிழும் பேசும். அதன் கட்டளைகளுக்குச் சாவி இன்சர்ட் விசை, விரும்பினால் கேப்ஸ் லாக். வேலூர்க்காரரே, நீங்கள் பிடுங்கப் பார்த்தது இவர் கையில் இருக்கும் சாவியை. அந்த இரண்டையும் உங்கள் குறுக்குவழிகளுக்கு எடுக்காதீர்கள். பட்டனில் வெறும் படத்தை ஒட்டாமல் பெயரும் வையுங்கள். இன்று மவுஸைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து உங்கள் ஆப்பில் ஒரு பில் போட்டுப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.