ஸ்டாக் அங்கிள்

ஸ்டாக் அங்கிளை அடையாளம் காண்பது சுலபம். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மற்றவர்கள் கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாக்கெட்டின் பின்பக்கத்தில் காலாவதித் தேதியைத் தேடிக்கொண்டிருப்பார். தேதி தூரமாக இருந்தால் கூடைக்குள் போகும். அதை வீட்டில் யாராவது தின்பார்களா என்பது வேறு விஷயம். பேக்ட் பீன்ஸ் எட்டு டின் வைத்திருக்கிறார். ஒரு வாய் ருசி பார்த்தவர் அந்த வீட்டில் கிடையாது. கேட்டால், "ஆபத்துக்குப் பாவமில்லை" என்பார்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். அவர்களுக்கு வாய்த்த வரம் 'பாம் ஷெல்டர்'. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில், கனத்த சுவரும் இரும்புக் கதவுமாக, குண்டு விழுந்தால் குடும்பம் ஒதுங்குவதற்கென்று இருக்கும் சின்ன அறை. மற்றவர்கள் அதில் பழைய சைக்கிளையும் தீபாவளி விளக்குகளையும் போட்டு வைக்கிறார்கள். அங்கிள் வீட்டில் பொன்னி அரிசி, துவரம் பருப்பு, சார்டின் டின், மேகி, புளி, மணத்தக்காளி வற்றல். எல்லாம் அவசரத்துக்கு, அன்றாடச் சமையலுக்கு ஒன்றும் எடுக்கக் கூடாது. ரசத்துக்குப் புளி தீர்ந்துவிட்டால் ஆன்ட்டி அந்தக் கதவைத் தாண்டி, லிஃப்டில் இறங்கி, கீழே மாமா கடைக்குத்தான் போக வேண்டும்.

அவருடைய பொற்காலம் 2020 பிப்ரவரி 7. நோய்ப் பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்த அன்று மாலையே ஊர் முழுக்க அரிசிக்கும் நூடுல்ஸுக்கும் பாய்ந்தது. கையிருப்பு போதுமான அளவு இருப்பதாக அமைச்சர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் ஃபேர்பிரைஸ் கடைகளில் ஆளுக்கு 2 பை அரிசிதான் என்று வரம்பு வந்தது. அங்கிள் அசரவில்லை. மனைவி, மகள், மைத்துனர் எல்லாரையும் தனித்தனி வாடிக்கையாளர்களாக வரிசையில் நிறுத்தினார்.

சிரித்துத் தள்ளிவிடவும் முடியவில்லை. உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கப்பலிலும் லாரியிலும் விமானத்திலும் வரும் தீவு இது. 1942 பிப்ரவரி 15-ல் ஊர் ஜப்பானியரிடம் விழுந்தபின், மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கே கதியென்று கிடந்தவர்களில் அவருடைய அம்மாவும் ஒருத்தி. சாகும்வரை தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. அரிசி இறக்குமதி செய்பவர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கமே விதி வைத்திருக்கிறது. அங்கிள் அந்த விதியைத் தன் வீட்டுக்கும் சேர்த்துப் படித்துவிட்டார், அவ்வளவுதான்.

படிப்பதில்தான் கொஞ்சம் அவசரம். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. செய்தி வந்த சூட்டில் சிராங்கூன் சாலைக்கு ஓடி ஆறு மூட்டை இட்லி அரிசி வாங்கி வந்தார். தடை பச்சரிசிக்குத்தான், புழுங்கலுக்கு இல்லை என்று மகள் போனில் காட்டினாள். "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வரும்" என்றார். மறு மாதம் புழுங்கலுக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. அந்த வெற்றியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். மூட்டைகளில் வண்டு விழுந்ததைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

போன வருஷம் மகள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

"கரண்டும் கேஸும் ரெண்டுமே நின்னுபோச்சுன்னா, இந்த அரிசி பருப்பையெல்லாம் எதுலப்பா வேக வைப்பீங்க?"

அங்கிள் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் முஸ்தபாவிலிருந்து அவல் வந்தது, ஒரு பெட்டி. அடுப்பே வேண்டாம், நனைத்தால் போதும். நனைக்கத் தண்ணீர் வேண்டுமே? பாட்டில் தண்ணீர் ஆறு அட்டைப்பெட்டி ஏறியது. இப்போது இரும்புக் கதவை முழுசாகச் சாத்த முடியவில்லை.

"ஏங்க, நாளைக்கே குண்டு விழுந்தா நாம எங்க போய் நிக்கிறது?" என்றார் ஆன்ட்டி.

"அதெல்லாம் பேசி வச்சாச்சு. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி ஷெல்டர் காலியாத்தான் கிடக்கு. ரெண்டு மூட்டை அரிசி கொடுத்தா போதும்னாங்க."