இரண்டாம் கரண்டிச் சாம்பார்: கொங்கு மேசைகளில் ஓர் ஆய்வு

கோவை ஓட்டல்களில் இட்லியும் அதற்கு ஊற்றிய சாம்பாரும் ஒரே நேரத்தில் தீர்ந்ததற்குச் சான்று இல்லை. இட்லி மீந்தால் சாம்பார் கேட்கிறார்கள். சாம்பார் மீந்தால் வடை சொல்கிறார்கள். வடை வந்ததும் சாம்பார் போதவில்லை. இச்சுழற்சிக்கு முடிவு உண்டா என்று கண்டறிய இவ்வாய்வாளர் மூன்று மாதம் காலைப் பலகாரத்தை வெளியிலேயே முடித்துக்கொண்டார். வீட்டில் இதை ஆய்வென்று ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் கலைச்சொல். 'இட்லி சாம்பார்' வேறு, 'சாம்பார் இட்லி' வேறு. முன்னதில் இரண்டும் மரியாதையாகத் தள்ளி நிற்கும். பின்னதில் இட்லி முங்கிக் கிடக்கும். முங்கிய பிறகும் சாம்பார் கேட்போர் தனி இனம். 1968-இல் தொடங்கிய அன்னபூர்ணா ஓட்டலின் கிளைகளில் இவர்களைக் காலை எட்டு மணிக்குக் கூட்டமாகக் காணலாம். அங்கே இட்லி, சாம்பார் குடிப்பதற்கு ஒரு சாக்கு மட்டுமே என்பது என் துணிபு.

கேட்கும் முறைதான் ஆய்வுக்குரியது. எடுத்தவுடன் வாய் திறப்பதில்லை. முதலில் தட்டைப் பார்ப்பது, பிறகு வாளியைப் பார்ப்பது, மூன்றாவதாகத்தான், "ஏனுங்ணா, கொஞ்சமா ஊத்துங்ணா." இங்கே 'கொஞ்சமா' அளவுச்சொல் அன்று, மரியாதைச்சொல். பரிமாறுகிறவருக்கு அது தெரியும். கரண்டி நிறைய ஊற்றுவார். உடனே "போதுங், போதுங்" என்று கை நீளும். அந்தக் கை தட்டை மறைக்காமல் ஓரமாகவே நிற்பதைக் கவனிக்கவும்.

இதைக் கஞ்சத்தனம் என்று வெளியூர் அறிஞர்கள் எழுதிவிடக்கூடும். அவர்கள் கல்லாப்பெட்டி வரை வந்து பார்க்காதவர்கள். மூன்று கரண்டி ஓசிச் சாம்பார் வாங்கிய அதே ஆள், கூட வந்தவரின் பில்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார். "அட உடுங்க, நானு குடுக்கறனுங்க!" மற்றவர் மணிக்கட்டைப் பிடிக்கிறார். அனுபவசாலிகள் சண்டை போடுவதில்லை; கை கழுவப் போகிறேன் என்று எழுந்து, வழியிலேயே ஸ்கேன் செய்துவிட்டு ஈரக் கையோடு திரும்புகிறார்கள்.

ஆக, காசு ஒரு கணக்கு, சாம்பார் வேறு கணக்கு. கணக்கைப் பிரிப்பது இவ்வூருக்குக் கைவந்த கலை. 2024 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சர் கலந்துகொண்ட கோவைக் கூட்டத்தில் உள்ளூர் ஓட்டல்காரர் ஒருவர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று முறையிட்டார். கிரீமைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்களாம் வாடிக்கையாளர்கள். பன்னையும் கிரீமையும் பிரித்தவர்களுக்குச் சாம்பாரையும் பில்லையும் பிரிப்பது பெரிய காரியமா?

ஆய்வின் கடைசி நாளில் இவ்வாய்வாளருக்கே இட்லியும் சாம்பாரும் ஒன்றாகத் தீர்ந்தன. நேரத்தைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடுவதற்குள், வாளியோடு போனவர் வெறுந்தட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, "வடை கொண்டாரட்டுங்ளா?" என்றார்.

கொண்டுவந்தார்.