சா வா? எந்த?

ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீட்டைக் கட்டி, மாடியில் ஒரு ரூமையும் போட்டுவிட்டால், செங்கம் ரோட்டில் நடமாடும் வெள்ளைக்காரர்களில் ஒருவராவது வாடகைக்கு வராமலா போவார்? இதை நம்பி, ரிட்டயர் ஆன மறுமாதமே பிரெஞ்சு கற்க உட்கார்ந்தேன்.

பிரெஞ்சில் ‘ர’ அடித்தொண்டையிலிருந்து வர வேண்டுமாம். ஒரு வாரம் வரவழைத்தேன். என் மனைவி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அடுத்த பாடம் நலம் விசாரிப்பு. காலையில் வாசலோடு போன ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து, “சா வா?” என்றேன். ரஷ்யர் போலிருக்கிறது, நடையை எட்டிப் போட்டார். கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“ஏங்க, விடிஞ்சதும் விடியாததுமா யாரைச் சாவான்னு கேக்குறீங்க?”

அந்தப் பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிய கால்கள்.

“ரூமு எந்த?” என்றார் பெரியவர்.

“மாடி ரூம்.”

“எந்தண்டி?”

இருப்பதே ஒரு ரூம், இதில் எந்த ரூம் என்று என்ன கேள்வி? மாடிப்படியைக் காட்டினேன். அவர் இன்னும் உரக்கக் கேட்டார், நானும் உரக்கக் காட்டினேன். அடுக்களையிலிருந்து, “பதிஹேனு வந்தலு அண்டி!” என்று குரல் வந்தது. பெரியவர் முகம் மலர்ந்து பெட்டியை இறக்கினார். தெலுங்கில் ‘எந்த’ என்றால் ‘எவ்வளவு’. இவள் இதைக் கற்றது கோயில் வாசல் பூக்காரம்மாவிடம், முழம் பேசும்போது.

தெலுங்கு ஒரு அந்நிய மொழியா என்று முறுக்கிக்கொண்டேன். ஆனால் 1911-ல் பகவான் ரமணரைத் தேடி வந்த ஹம்ஃப்ரீஸ் என்ற வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரிக்கு வழி காட்டியதே, வேலூரில் அவருக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்த முன்ஷிதான். பகவானும் தெலுங்கு, மலையாளம், சமஸ்கிருதம் மூன்றிலும் எழுதியவர். இங்கிலீஷ் மட்டும்தான் அவரை விரட்டியது. 1896 ஆகஸ்டில், மதுரையில், பெயின் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொல்லித் தண்டனை. இரண்டு தடவை எழுதி, மூன்றாவதைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருவண்ணாமலையை நோக்கி ரயிலேறியவர்தான்.

இப்போது வீட்டில் எனக்கும் இம்போசிஷன். ‘எந்த என்றால் எவ்வளவு’, மூன்று தடவை. இரண்டாவது முடிந்துவிட்டது. எழுந்து ஓடலாம்தான். எங்கே ஓட? ஏற்கெனவே திருவண்ணாமலையில் அல்லவா இருக்கிறேன்!