நோட்டு யாரு கையில, லீடரம்மா?

வா லீடரம்மா, வா. அந்தப் பட்டையக் கழட்டாத, அப்படியே திண்ணையில கொஞ்ச நேரம் உக்காரு. எதிர்வூட்டுக்காரி பாக்கட்டும். சாட்டின் துணி, ஜிகினா எழுத்து, தோள்ல நிக்கறதுக்கு ஒரு ஊக்கு. எஸ்.பி.எல்.னு போட்டிருக்கு. ஆவடிக்குன்னு 2022-ல தனியா போலீஸ் கமிஷனர் ஆபீசு வந்துதே, அங்கதான் பேத்திக்கு எஸ்.பி. வேலை கெடச்சிருக்குன்னு டீக்கடையில சொல்லிட்டு வந்துட்டேன். நீ என்னடான்னா அது இல்ல தாத்தா, ஸ்கூல் லீடருன்ற. பரவால்ல. சம்பளம் இல்லன்றது ஒண்டிதான் வித்தியாசம்.

எப்படி ஜெயிச்சேன்னு நீ சொன்னதக் கேட்டுக்கினுதான் இருந்தேன். மொதல்ல மார்க்கு பாத்தாங்க, அட்டெண்டன்ஸ் பாத்தாங்க, மிஸ்ஸுங்க கூப்ட்டு வெச்சு நாலு கேள்வி கேட்டாங்க. அதுல தேறினவங்கள மட்டும் மேடையேத்திப் பேசவுட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஓட்டு. கம்ப்யூட்டர் லேப்ல மவுஸ அமுக்கினா பீப்புன்னு சத்தம் வருதாம். நல்ல ஏற்பாடு. யாரு ஜெயிச்சாலும் பிரின்சிபாலுக்கு ராத்திரி தூக்கம் கெடாது. எங்க காலத்துல ஓட்டுப் போட 21 வயசு ஆவணும், 1989-லதான் அது 18 ஆச்சு. உனக்கு ஓட்டுப் போட்ட ஆறாங்கிளாஸ் வாண்டுக்கு மூக்கு சிந்தத் தெரியுமோ இன்னாவோ, ஆனா ஜனநாயகத்த என்னவிட முன்னாடியே பாத்துட்டான்.

லீடருன்னா புதுசுன்னு நெனச்சுக்காத. எங்க தாத்தன் படிச்ச திண்ணைப் பள்ளிக்கூடத்துலயே சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் இருந்தான். வாத்தியாரு கண் அசந்தா பாடம் கேக்கறது அவன், வராத பையன வூடு தேடிப் போயி இட்டாறது அவன். இந்த மாதிரிப் பெரிய பசங்கள வெச்சு சின்னப் பசங்கள மேய்க்கற வித்தைய வெள்ளக்காரனும் இங்கதான் கத்துக்கினான். எழும்பூர்ல ஒரு அனாதைப் பசங்க பள்ளிக்கூடம். 1789-ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் அத்தப் பாத்துக்க வந்தாரு. நம்ம பசங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கறதப் பாத்தாரு. அவருகிட்ட இருந்த வாத்தியாருங்களுக்கு அது புடிக்கல. சரி போங்கடான்னுட்டு, பசங்களையே பசங்களுக்கு வாத்தியாரா வெச்சாரு. 1797-ல லண்டன்ல புஸ்தகமும் போட்டாரு. அதுக்கு மெட்ராஸ் முறைன்னே பேரு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ன்ற ஊருல மெட்ராஸ் காலேஜ்னு 1833-லேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் இன்னிக்கும் நடக்குது, போய்ப் பாரு. அதே சமயத்துல ரக்பின்ற ஊருல ஆர்னால்டுன்னு ஒரு ஹெட்மாஸ்டர், பள்ளிக்கூடத்தக் கட்டி ஆள்ற அதிகாரத்தப் பெரிய கிளாஸ் பசங்க கையில குடுத்தாரு. ரெண்டுலயும் வாத்தியாருக்கு ஒரு ஆள் கூலி மிச்சம். அந்த மிச்சத்தத்தான் இப்ப உன் தோள்ல ஊக்கு போட்டுக் குத்தியிருக்காங்க.

கோச்சுக்காத, இன்னும் இருக்குது கேளு. நம்ம வம்சத்துல இந்த வருஷம் மூணு தலைவருங்க. உன் ஸ்கூல்ல ரூபி, எமரால்டு, சஃபையர், டோபாஸுன்னு அணி பிரிச்சு நகைக்கடை நடத்தறாங்க. உங்க அத்தை மவன் ஆவடி கேந்திரிய வித்யாலயாவுல சிவாஜி அணிக்குக் கேப்டன். நான் நம்ம நடிகர் திலகம்னு சந்தோஷப்பட்டேன், இவரு குதிரையில வர்றவராம். உங்க சித்தப்பன் மவன் கவருமெண்டு ஸ்கூலு. 2024 நவம்பர்ல மகிழ் முற்றம்னு ஒண்ணு கொண்டாந்து, அங்க குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு அஞ்சு குழுவாப் பிரிச்சிட்டாங்க. அவன் மருதத்துக்குத் தலைவன். தம்பி, பூந்தமல்லி சுத்துவட்டாரத்துல இருந்ததே மருதம் ஒண்டிதான், அத்தத்தான் பிளாட்டு போட்டு வித்துட்டமே, நீ எதுக்குடா தலைவன்னு கேட்டேன். முழிச்சான். 2023 டிசம்பர் மழைக்கு அம்பத்தூரு, கொரட்டூரு, பட்டாபிராமெல்லாம் நெய்தலா நின்னுது. ஏப்ரல் வந்தா லாரித் தண்ணிக்குக் குடத்த வெச்சிக்கினு பாலையில நிக்கறோம். குறிஞ்சிக்கு மட்டும் திருத்தணி பஸ் ஏறணும்.

அத்தை மவன் இன்னொன்னு சொன்னான். அவங்களுக்கு இளைஞர் நாடாளுமன்றம்னு போட்டி உண்டாம். டில்லிப் பள்ளிக்கூடங்கள்ல 1966-67-ல ஆரம்பிச்சது, 1988-ல இவங்களுக்கும் வந்துது. ஒருத்தன் சபாநாயகரு, ஒருத்தன் பிரதமரு, எதிர்க்கட்சிக்குன்னு தனி ஆளுங்க. கேள்வி நேரம் உண்டு, ஒழுங்கா நடந்துக்கறதுக்குன்னு தனியா மார்க்கு உண்டு. அந்த மார்க்க நெசமான சபையிலயும் போட்டா எத்தினி பேரு பெயிலாவாங்கன்னு கேட்டேன். தாத்தா, பாலிடிக்ஸ் பேசக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்கன்றான். நாடாளுமன்றத்துல பாலிடிக்ஸ் பேசக்கூடாதாம்!

சரி, உன் விஷயத்துக்கு வரேன். ஓட்டு கேக்கறப்ப இன்னா சொன்ன? கேன்டீனுக்கு பப்ஸு, கிளாஸுக்கு ஏசி, பி.டி. பீரியடுல கணக்கு மிஸ் நுழைய மாட்டாங்க. பப்ஸ் வரும். ஏசிக்கு உங்கப்பன்தான் பீஸு கட்டணும். பி.டி. பீரியட பத்தாங்கிளாஸுக்கு மீட்டுத் தர்றதுக்கு ராணுவம் வந்தாக்கூட ஆவாது, வாயத் தொறக்காத. எங்க ஆவடியில 1955-ல காங்கிரஸ் மாநாடு நடந்துது. நேரு வந்தாரு. நாடு முழுக்க சோசலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. அந்தத் தீர்மானம் இன்னா ஆச்சுன்னு பெரியவங்க இன்னிக்கும் சண்ட போட்டுக்கினு இருக்காங்க. நீ சின்னதாப் போடு.

பொம்பளப் பசங்க கக்கூஸுல மூணாவது கதவுக்குத் தாழ்ப்பா இல்லன்னு உங்க பாட்டிகிட்ட சொன்னியே, அத்த எடு. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கினு நிக்கறா, அந்தக் கதவுதான். அசெம்பிளி மேடையில ஏறி முழங்காத, மைக்குல சொன்னா காத்தோட போயிடும். ஒரு வெள்ளப் பேப்பர எடு. தேதி போடு. எந்த மாடி, எத்தனாவது கதவுன்னு எழுது. கிளாஸ் லீடருங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கு. பிரின்சிபால்கிட்ட குடுக்கறப்ப இன்னொரு காப்பி கையில வெச்சிக்கினு, மேடம், வாங்கிக்கினேன்னு இதுல மட்டும் ஒரு கையெழுத்துன்னு சிரிச்சிக்கினே நீட்டு. சிரிக்கணும், அது முக்கியம். ஒரு தாழ்ப்பா இன்னா வெலை வந்துடப் போவுது? கையெழுத்து போட்டப்புறம் அத்த மாட்டறதுதான் அவங்களுக்கே சுளுவு.

கவுன்சில் மீட்டிங்குன்னு மாசத்துக்கொரு தபா டீச்சர் கூப்டுவாங்க. எல்லாப் புள்ளைங்களும் பட்டைய சரி பண்ணிக்கினு உக்காந்திருக்கும். அப்ப நீ நோட்டத் தேடு. பேசினத எழுதற நோட்டு. அது எந்தப் புள்ள கையில இருக்குதோ, அவதான் லீடரு. நீ வெறும் பட்டை. போன மீட்டிங்குல இன்னா முடிவாச்சுன்னு யாரு படிச்சுக் காட்டறாளோ, அவ வாய்க்குத்தான் டீச்சரும் பதில் சொல்லணும். அந்த வேலைய யாரும் கேக்க மாட்டாங்க, கை வலிக்கும்னு பயம். நீ கேளு. நோட்டே இல்லன்னா வாங்கிட்டுப் போ, காசு நான் தரேன்.

மருதத் தலைவனுக்கு வேற வழி சொன்னேன். அவன் ஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழுன்னு இருக்குது. 2009 கல்விச் சட்டத்துல வந்தது, முக்கால்வாசிப் பேரு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பொம்பளைங்க. குடிதண்ணிக் கொழாயப் பத்தி இவன் பேசினா சின்னப் பையன்னு தட்டிட்டுப் போவாங்க. அவங்கம்மா அந்தக் கூட்டத்துல எழுந்து பேசினா தீர்மானம். தலைவரே, போயி அம்மாவுக்குப் பாத்திரம் தேய்ச்சுக் குடுன்னேன்.

கிளாஸ் லீடருங்கள மட்டும் கண்காணி. போர்டுல பேசியவர்கள்னு தலைப்பு போட்டு, பேரு எழுதி, பக்கத்துல மிக அதிகம்னு சேக்கறானுங்களே, அங்கதான் மொத ஊழல் நடக்குது. எங்க காலத்துல கம்மர்கட்டு குடுத்தா பேரு அழிஞ்சிடும். இப்ப சாக்லேட்டுன்னு கேள்வி. வெலைவாசி ஏறிப்போச்சு. உன் தோழி பேர அழிச்சிட்டு, சும்மா உக்காந்திருந்தவ பேர எழுதினவன் யாரோ, அவன வருங்காலத்துல ஒரு கண்ணு வெச்சுக்க. பெரிய ஆளா வருவான்.

எழுந்துக்காத, இன்னும் ஒண்ணு. லீடருக்குன்னு ஸ்கூல் பேரு அச்சடிச்ச லெட்டர் பேப்பரு குடுத்திருக்காங்கன்னியே, சீலு கூட இருக்குதாமே? நம்ம தெரு முனையில லைட்டு எரிஞ்சே நாளாச்சு. நான் எழுதிப் போட்டா கவுன்சிலரு கிழவன்னு ஓரமா வெச்சிடறாரு. நீ எழுது. கீழ எஸ்.பி.எல்.னு கையெழுத்துப் போட்டு, அத்த என்னன்னு விரிச்சு எழுதாம, சீல நல்லா அழுத்திக் குத்து.