சென்னைக்கு அருகே கண்டி!

கேள்வி: என் அம்மா பிறந்த கண்டியைப் பார்க்க ஆசை. சென்னையிலிருந்து விமானத்தில் எவ்வளவு நேரமாகும்? (வாசகர், கோத்தகிரி)

பதில்: கண்டிக்கு நேரடி விமானம் கிடையாது. அங்கே பயணிகள் விமான நிலையமே இல்லை. மலைகள் இடம் கொடுத்தால்தானே! பக்கத்திலுள்ள பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் சிறிய நீர்விமானங்கள் இறங்கியதுண்டு. நீங்கள் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும்.

வேடிக்கையைக் கேளுங்கள். நேர்கோட்டில் அளந்தால் சென்னைக்குக் கட்டுநாயக்காவைவிடக் கண்டிதான் பக்கம்: கண்டி சுமார் 630 கி.மீ., கட்டுநாயக்கா சுமார் 645. ஆனால் அந்த 645 கி.மீ.யை விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். அடுத்து வரும் நூற்றுச் சொச்சம் கி.மீ. சாலைக்கு மூன்று மணி நேரம் வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னால் ஒரு லொறி போனால் இன்னும் கூடும்.

அவசரமில்லையென்றால் கொழும்பு கோட்டைக்குப் போய் ரயில் ஏறுங்கள். கண்டிக்கு 1867இல் போட்ட பாதை அது. வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். றம்புக்கனை தாண்டியதும் வண்டி மலையைச் சுற்றி ஏறும், பள்ளத்தாக்கு கீழே விரியும். அதைப் பார்க்காமல் கண்டிக்குப் போவது பெரிய நஷ்டம் என்பேன்.

உங்கள் அம்மா கண்டியிலிருந்து ரயிலில் போய்த் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்தவராயிருந்தால் இந்த மலைப்பாதையில் ஒரு பகுதியை அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். குளிருக்கு அவருக்கொரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.